விதி எண் 7-ஐ நீக்குங்கள்

கதைப் போட்டி அறிவித்திருக்கும் கேம் ஸ்டூடியோவுக்கும், அந்த விதிகளை அப்படியே நகலெடுக்கப்போகும் மற்ற ஸ்டூடியோக்களுக்கும்,

உங்கள் அறிவிப்பை ஒரே வாரத்தில் மூன்று பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதாக அனுப்பியவள் எங்கள் தெருவில் இருக்கும் பெண், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அறிவிப்போடு அவள் நிற்கவில்லை. கேட்டபடி 3,000 சொல்லில் கதையையும் எழுதி எடுத்துக்கொண்டு வந்து, "அக்கா, ஒற்றுப்பிழை மட்டும் பாத்துத் தாங்க, இன்னைக்கே அனுப்பிடுறேன்" என்றாள். தோணியில் சமையல்காரராகக் கொழும்புக்குப் போய்வந்த அவள் தாத்தாவின் கதை. நன்றாக இருந்தது. பிழைகளைத் திருத்திக் கொடுத்துவிட்டு, இப்போது அனுப்பாதே, கொஞ்சம் பொறு என்றேன். ஏன் என்று கேட்டாள். அவளிடம் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

உங்கள் பெயரை இங்கே போடவில்லை. ஏழாவது விதியை எழுதியவர்களுக்கு இது தங்களுக்கு வந்த கடிதம் என்று புரியும்.

அந்த விதி சொல்வது இது: போட்டிக்கு வரும் எல்லாக் கதைகளும், பரிசு பெற்றாலும் பெறாவிட்டாலும், ஸ்டூடியோவுக்கே சொந்தம். எக்காலத்துக்கும், எல்லா ஊடகங்களுக்கும். கதையை எப்படியும் மாற்றலாம், எழுதியவர் பெயரைப் போட வேண்டிய கட்டாயம் இல்லை. முதல் பரிசு 15,000 ரூபாய். மற்றவர்களுக்கு மின்னஞ்சலில் சான்றிதழ்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். இருநூறு பேர் எழுதினால் ஆறு லட்சம் சொல். அத்தனையும் 15,000 ரூபாய்க்கு உங்களுடையது. சொல்லுக்கு இரண்டரைப் பைசா.

"ஐடியாதானே கேட்கிறோம்" என்பீர்கள். ஐடியா மட்டும் கேட்டிருந்தால் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன். வெறும் ஐடியாவுக்குப் பதிப்புரிமை கிடையாது, அது எனக்கும் தெரியும். ஆனால் நீங்கள் கேட்டிருப்பது பாத்திரங்களின் முழு விவரம், அந்த ஊரின் வரலாறு, மாதிரி உரையாடல், குறைந்தது ஐந்து இடங்களில் விளையாடுபவர் முடிவெடுக்கும்படியான கிளைகள். ஐந்து இடத்திலும் மும்மூன்று வழி வைத்தால் கணக்குப்படி 243 பாதைகள். அவற்றை எங்கே பிரிப்பது, எங்கே மறுபடி ஒன்றாகக் கொண்டுவந்து கட்டுவது, எந்த முடிவின் விளைவை மூன்று லெவல் தள்ளி நினைவுபடுத்துவது என்று உட்கார்ந்து யோசிப்பது ஒரு வேலை. அதற்கு உங்கள் தொழிலில் சம்பளத்தோடு ஒரு பதவியே இருக்கிறது. அந்த வேலையைத்தான் இருநூறு பேரிடம் இலவசமாக வாங்கப் பார்க்கிறீர்கள்.

நான் இதை வெளியே நின்று சொல்லவில்லை. மூன்று வருடங்களுக்கு முன்னால் வேறொரு ஸ்டூடியோவுக்கு நான்கு மாதம் கதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதுவரை என் உலகம் சிறுகதை, சிறுபத்திரிகை, இரண்டு தொகுப்பு, அவ்வளவுதான். கேம் முக்கால்வாசி முடிந்த நிலையில்தான் என்னைக் கூப்பிட்டார்கள். "எல்லாம் ரெடி மேடம், ஸ்டோரி மட்டும் போட்டுக் கொடுத்தீங்கன்னா போதும்." கட்டி முடித்த வீட்டுக்கு வெள்ளையடிக்கக் கூப்பிடுவதுபோல.

கேம் நடக்கும் இடம் உப்பளம். காணாமல்போன அப்பாவைத் தேடும் ஒரு சிறுமி. அதற்காகத்தான் தூத்துக்குடிக்காரியான என்னைப் பிடித்தார்கள். முதல் நாள், அதுவரை செய்து முடித்திருந்த கேமை ஓட்டிக் காட்டினார்கள். இரண்டாவது லெவலில் இடி இடிக்கிறது, மழை கொட்டுகிறது, சிறுமி பாத்தி பாத்தியாகத் தாவி உப்பு வாருகிறாள்! பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் மழையில் எங்கே உப்பு இருக்கும்? ஒரு நல்ல மழை பெய்தால் பாத்தியில் விளைந்திருப்பது கரைந்து போகும். ஐப்பசி மழை தொடங்கினால் உப்பளமே படுத்துவிடும், அடுத்த வருடம் வெயில் ஏறும்வரை அந்தக் குடும்பங்களுக்கு வேலை கிடையாது. அந்தச் சிறுமியின் அப்பா காணாமல்போக அதுவே காரணமாக இருந்திருக்கலாம். இதைச் சொன்னேன். டைரக்டர் சங்கடத்தோடு, "ரெயின் எஃபெக்ட்டுக்கே ரெண்டு மாசம் போயிருச்சு மேடம், எடுக்க முடியாது" என்றார்.

சரி என்று அந்த லெவலைக் கனவாக்கினேன். வேறு வழி தெரியவில்லை. இன்றைக்கும் யாராவது அந்தக் கேமைப் பற்றிப் பேசும்போது "அந்தக் கனவு சீன் கவிதை மாதிரி இருந்தது" என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். அது கவிதை இல்லை ஐயா, ஒட்டு.

அப்புறம் எழுத்து. நான் போவதற்கு முன்பே ஆங்கிலத்தில் வரிகள் எழுதி மெஷினில் போட்டுத் தமிழாக்கியிருந்தார்கள். பேத்தி வாசலைத் தாண்டும்போது பாட்டி, "நீங்கள் எங்கே செல்கிறீர்கள்?" என்று கேட்கிறாள். எங்கள் பக்கத்தில் எந்தப் பாட்டி பேத்தியை அப்படிக் கேட்பாள்? "ஏட்டி, எங்க போற?" என்று மாற்றினேன். அது எளிது. எளிதில்லாத ஒன்று நிரலுக்குள் இருந்தது. பொருளின் பெயர் ஒரு பட்டியலிலிருந்து வரும், அதன் பின்னால் "ஐ எடு" ஒட்டிக்கொள்ளும். ஆங்கில வாக்கியத்துக்குச் செய்த ஏற்பாடு. அதனால் திரையில் "உப்புஐ எடு", "கயிறுஐ எடு", "மரம்ஐ வெட்டு" என்று வந்துகொண்டிருந்தது. தமிழில் கயிறு கயிற்றை ஆகும், மரம் மரத்தை ஆகும், வீடு வீட்டை ஆகும். வெறுமனே ஒட்ட முடியாது. இதை ஒன்றாம் மாதத்திலேயே யாராவது சொல்லியிருந்தால் ஒரு மணி நேர வேலை. கடைசி நேரத்தில் நானும் ஒரு ப்ரோக்ராமர் தம்பியும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து 64 பொருளுக்கும் நாலு நாலு வேற்றுமை வடிவம், ஆக 256 கட்டம், எக்செல்லில் நிரப்பினோம். அந்தத் தம்பி தங்கமான பையன். ஃபான்ட் உடைந்து "கொ" மூன்று துண்டாகச் சிதறியபோதும் அவன்தான் விடாமல் சரிசெய்தான். அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை, எங்கள் இருவரையும் அதுவரை ஒரே அறையில் உட்கார வைக்காதவர்கள் மேல்.

இனி, கடிதத்தில் எழுத எனக்குக் கொஞ்சம் கஷ்டமான விஷயம். என் அத்தை இருபது வருடம் உப்பளத்தில் வேலை பார்த்தவர். மதிய வெயிலில் வெள்ளை உப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் கூசி, வீட்டுக்கு வந்ததும் இருட்டு மூலையில் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார். இதை ஒரு கூட்டத்தில் பேச்சுவாக்கில் சொன்னேன். வெயில் ஏற ஏறத் திரை வெளுக்க வேண்டும், சிறுமி ஏதாவது கறுப்பான ஒன்றைப் பார்த்து நின்றால்தான் பார்வை திரும்ப வேண்டும் என்றும் சொன்னேன். இரண்டு வாரத்தில் அதைச் செய்து முடித்துவிட்டார்கள். அற்புதமாகச் செய்தார்கள், அதை மறுக்க மாட்டேன். கேம் வெளிவந்ததும் விமர்சனம் எழுதிய எல்லாரும் அதைத்தான் பாராட்டினார்கள். பேட்டியில் நிறுவனர், "எங்க டிசைன் டீம் ரொம்ப நாள் ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சது" என்றார். க்ரெடிட்ஸ் ஓடும்போது நானும் அத்தையும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். 'கதை' என்று ஒரு தலைப்பே இல்லை. கடைசியில், 'சிறப்பு நன்றி' பட்டியலில், ஆபீஸ் பூனைக்கு அடுத்ததாக என் பெயர் இருந்தது. பூனை மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

கூலி வரிக்கு நான்கு ரூபாய். கேட்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அந்த நான்கு மாதத்தில் நான் செய்த உருப்படியான வேலை, எழுதியதில் முந்நூறு வரியை வெட்டியதுதான். வரிக்குக் காசு என்றால் வெட்டுகிறவளுக்கு நஷ்டம். பில்லில் 1,200 ரூபாயைக் கழித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள்.

எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுகிறேன். எழுதுகிறவர்களில் பலருக்குக் கேம் என்றால் இளக்காரம். பிள்ளைகள் போனில் சுடுவதும் வெட்டுவதும்தான் கேம் என்று நினைக்கிறவர்கள் அதிகம், நானும் அப்படித்தான் இருந்தேன். நான் முதலில் எழுதிக் கொடுத்த காட்சியில் தாயும் மகளும் இரண்டு பக்கம் பேசினார்கள். விளையாடிப் பார்க்க வந்த பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் ஸ்கிப்பை அமுக்கினார்கள். பன்னிரண்டாவது ஆள் டீ குடிக்கப் போய்விட்டார். கேமில் வாசகருக்குக் கை உண்டு, அந்தக் கைக்கு வேலை கொடுக்காமல் நாம் பேசிக்கொண்டே இருந்தால் அது வேறு எதையாவது அமுக்கும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இந்த இளக்காரத்துக்குப் பெரிய விலை கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார். போலந்து எழுத்தாளர் ஆந்திரே சப்கோவ்ஸ்கி. அவருடைய விட்சர் கதைகளைக் கேமாக்க சிடி ப்ராஜெக்ட் என்ற கேம் நிறுவனம் உரிமை கேட்டபோது லாபத்தில் பங்கு தருவதாகச் சொன்னார்கள். இதெல்லாம் எங்கே ஓடப்போகிறது என்று அவர் மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டார். 2015-ல் அந்தக் கேமின் மூன்றாம் பாகம் வந்து உலகமெல்லாம் விற்றது. 2018-ல் அவருடைய வக்கீல்கள் 6 கோடி ஸ்வாட்டி (போலந்துப் பணம்) கேட்டுக் கடிதம் அனுப்பினார்கள். வாங்கிய கூலிக்கும் கிடைத்த லாபத்துக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருந்தால் எழுத்தாளர் மேற்கொண்டு கேட்க அந்த நாட்டுச் சட்டத்தில் இடம் உண்டு. 2019 டிசம்பரில் இரு தரப்பும் பேசிப் புதிதாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. அவரை நான் புத்திசாலி என்று சொல்லவில்லை. ஆனால் அவரிடம் பங்கு வேண்டுமா என்று கேட்கவாவது கேட்டார்கள்.

எழுத்தாளரை முதல் நாளே உள்ளே உட்கார வைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. எஸ்டோனியாவின் ராபர்ட் குர்விட்ஸ் 2013-ல் ஒரு நாவல் எழுதினார், விற்கவில்லை. அதே உலகத்தை வைத்து நண்பர்களோடு சேர்ந்து செய்த டிஸ்கோ எலிசியம் 2019-ல் வந்தது. பத்து லட்சம் சொற்களுக்கு மேல் உள்ள கேம். அதில் வழக்கமான சண்டையே கிடையாது. கதாநாயகனின் 24 திறமைகளும் அவன் தலைக்குள் குரல்களாகப் பேசிச் சண்டை போட்டுக்கொள்ளும். நாவல் எழுதத் தெரிந்த ஒருவர் ஆட்ட விதிகளை எழுதும் இடத்தில் இல்லாமல் இப்படி ஒன்று வந்திருக்காது. அந்த வருடத்து கேம் அவார்ட்ஸ் என்ற விருது விழாவில் நான்கு விருது வாங்கியது. அப்புறம் அவருக்கும் ஸ்டூடியோவுக்கும் ஒத்துப்போகாமல் 2022-ல் வழக்குவரை போனது வேறு கதை. எழுதியவரின் உரிமை பத்திரத்தில் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள அதுவும் ஒரு பாடம்தான். 2014-ல் இங்கிலாந்தின் இன்கிள் ஸ்டூடியோ செய்த 80 டேஸ் கேமை எழுதியவர் மெக் ஜயந்த். கிளை பிரியும் கதைகளுக்காக அந்த ஸ்டூடியோ உருவாக்கிய இங்க் என்ற நிரல் மொழியை 2016-லிருந்து யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். எங்களுக்கு எக்செல்லைத் தள்ளிவிடுவதற்குப் பதிலாக அதைத் தந்தால் நாங்களே எழுதி ஓட்டிப் பார்ப்போம். நிரல் தெரியாத எனக்கு அது ஒரு வாரத்தில் பிடிபட்டது.

தமிழில் இதெல்லாம் நடக்காது என்று சொல்ல உங்களுக்கு வழியில்லை. டொரண்டோவில் ஒரு சின்னக் குழு செய்த வெண்பா என்ற கேம் 2023-ல் வந்தது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழம்மா, கிழிந்தும் கறைபட்டும் போன தன் அம்மாவின் சமையல் குறிப்பேடு. அழிந்த வரிகளை ஊகித்து இட்லி ஊற்றுவதுதான் ஆட்டம், அந்தக் குடும்பம் எதை இழந்தது என்ற கதையும் அந்த அழிந்த வரிகளில்தான் இருக்கிறது. கதையைத் தனியாகவும் ஆட்டத்தைத் தனியாகவும் பிரித்து எடுக்கவே முடியாது. 2024-ல் சிறந்த முதல் கேமுக்கான பாஃப்டா என்ற பிரிட்டிஷ் விருது அதற்குக் கிடைத்தது. இவ்வளவு தூரம் போக வேண்டாமென்றால், எங்கள் ஊர்க் கோயில் மண்டபத் தரையில் கோடு கிழித்த ஆடுபுலி ஆட்டத்தைப் பாருங்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆட்டால் புலியைக் கொல்ல முடியாது, கூடி நின்று வழியை அடைக்கத்தான் முடியும். ஒரு வரி வசனம் இல்லாமல் எவ்வளவு பெரிய கதை! அதைச் செய்தவன் விதியை ஒருவனிடமும் கதையை இன்னொருவனிடமும் வாங்கியிருக்க மாட்டான்.

மறுபடி விதி 7-க்கு வருகிறேன். 1957-ம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எத்தனை காலம், எந்த நாடு, எவ்வளவு பணம் என்று அதில் இருக்க வேண்டும். காலம் குறிக்காவிட்டால் ஐந்தே வருடம், இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும். இணையப் படிவத்தில் ஒரு பெண் டிக் அடித்ததை அப்படிப்பட்ட ஒப்பந்தம் என்று நீங்கள் நினைத்தால் தயவுசெய்து உங்கள் வக்கீலிடம் ஒருமுறை கேளுங்கள். 57-வது பிரிவு இன்னும் தெளிவு: உரிமையை விற்ற பிறகும் "இதை எழுதியது நான்" என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எழுதியவரிடமே இருக்கும். சினிமாவில் 2012 திருத்தத்துக்குப் பிறகு, தியேட்டருக்கு வெளியே வரும் ராயல்டியில் பாடல் எழுதியவருக்கும் பங்கு உண்டு, அதை விட்டுக்கொடுப்பதாகத் தயாரிப்பாளர் எழுதி வாங்கினாலும் செல்லாது. அந்தத் திருத்தம் சும்மா வரவில்லை, மொத்தமாக எழுதி வாங்கும் பழக்கத்தைப் பார்த்துச் சலித்துத்தான் வந்தது. கேமுக்கென்று அப்படித் தனியாக எதுவும் சொல்லப்படவில்லை. அதனால்தான் உங்களிடம் நேராகக் கேட்க வேண்டியிருக்கிறது.

உங்கள் கஷ்டமும் எனக்குத் தெரியும். பத்துப் பேர் சேர்ந்து கடன் வாங்கி நடத்தும் ஸ்டூடியோக்கள் நிறைய. லூடோவும் கேரமும் செய்கிறவர்களிடம் போய் நாவலாசிரியரை வேலைக்கு வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. கதை வேண்டும் என்று நீங்களாக அறிவித்திருக்கிறீர்கள், அதனால் பேசுகிறேன்.

எனவே நான் கேட்பவை இவை. ஏழாவது விதியை இந்த வாரமே நீக்கி, பரிசு பெறாத கதைகள் எழுதியவருக்கே சொந்தம் என்று அதே பக்கத்தில் அறிவியுங்கள். ஏற்கெனவே வந்துவிட்ட கதைகளுக்கும் அது பொருந்த வேண்டும், அவர்களுக்குத் தனித்தனியே மின்னஞ்சல் போக வேண்டும். பரிசுத்தொகையைக் கதைக்கான விலையாக்காதீர்கள். தேர்ந்தெடுத்த கதையைக் கேமாக்கப் போகிறீர்கள் என்றால் காலமும் தொகையும் குறித்துத் தனி ஒப்பந்தம் போடுங்கள், கேம் சம்பாதித்தால் அதில் சிறு சதவீதமாவது எழுதியவருக்குப் போகட்டும். வந்த கதைகளை எழுத்தாளரைக் கேட்காமல் எந்த ஏஐ மெஷினுக்கும் தீனியாகப் போட மாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள்.

மற்ற ஸ்டூடியோக்களிடம் கேட்பது: எழுத்தாளரைக் கூப்பிடுவதென்றால் படங்களுக்குப் பதில் பெட்டியும் உருண்டையும் வைத்து முதல் மாதிரியை (ப்ரோட்டோடைப்) ஓட்டும்போதே கூப்பிடுங்கள். வரிக்கணக்கில் கொடுக்காமல் வாரக்கணக்கில் கொடுங்கள், வெட்டுவதும் வேலைதான். தமிழ்க் கேமைத் தமிழிலேயே எழுதத் தொடங்குங்கள். க்ரெடிட்ஸில் 'கதை' என்று தனித் தலைப்பு போட்டுப் பெயரை எழுதுங்கள், ஒரு ஆட்ட விதி எழுத்தாளர் சொன்னதிலிருந்து வந்திருந்தால் டிசைன் பட்டியலிலும் அந்தப் பெயர் இருக்கட்டும். உப்பளத்தைப் பற்றியோ தோணியைப் பற்றியோ சொல்லிக்கொடுத்த அத்தைகளுக்கும் தாத்தாக்களுக்கும் ஒரு வரி இடம் ஒதுக்குங்கள்.

உங்கள் போட்டிக்குக் கடைசித் தேதி வர இன்னும் 19 நாள் இருக்கிறது. அந்தப் பெண்ணின் கதை திருத்தி முடித்து என் லேப்டாப்பில் இருக்கிறது. தினமும் சாயங்காலம் வந்து, "விதியை மாத்திட்டாங்களா அக்கா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

இப்படிக்கு,
தூத்துக்குடியிலிருந்து ஒரு சிறுகதை எழுத்தாளர்